யார் வீட்டுப் பணம்?

"அமெரிக்காவிலே கோடீஸ்வரன் பிள்ளைகள் படிக்கிற கலாசாலைக்கும் அந்த ஊர் சர்க்காருக்கும் சண்டையாம். அதை நம்ம பத்திரிகையிலே எதுக்குத் தோழர் எழுதணும்?" திருவொற்றியூர் நெடுஞ்சாலை டீக்கடைகளில் இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹார்வர்டு சர்வகலாசாலை மீது நமக்கு மோகம் எதுவும் கிடையாது. 1636-ல் தோன்றிய அந்தத் தனியார் ஸ்தாபனத்தின் கையிருப்பு மட்டும் 2024-ல் சுமார் 5,300 கோடி டாலர். ஏகபோக முதலாளிகளுக்கும் ஜனாதிபதிகளுக்கும் ஆள் தயாரித்துக் கொடுக்கும் பட்டறை அது. இவ்வளவு பணக்குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, தன் சாப்பாட்டுக் கூடங்களில் சமைத்துப் பரிமாறும் தொழிலாளிகளுக்குக் கட்டுப்படியான சம்பளம் தர மறுத்தது. 2016 அக்டோபரில் அவர்கள் 22 நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகே இறங்கி வந்தது. (இந்த ஹார்வர்டின் தமிழ் இருக்கைக்கு நமது மாநில சர்க்கார் 2017-ல் 10 கோடி ரூபாய் கொடுத்தது. கோடி கோடியாக டாலர் வைத்திருப்பவனுக்கு ராயபுரத்தான் வரிப்பணம்! அது வேறு கதை.)

அப்படியானால் ஏன் எழுதுகிறோம்? ஹார்வர்டின் முன்னே நீட்டப்பட்ட காகிதம் நமக்கு மிகவும் பழக்கமான காகிதம். அதனால்தான் எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். காஸாவில் குழந்தைகளைக் கொன்று குவித்த யுத்தத்தை எதிர்த்து 2024-ல் அமெரிக்க மாணவர்கள் கலாசாலை மைதானங்களில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேறிய டிரம்ப், இதற்கு "யூத விரோதம்" என்று பட்டம் சூட்டினார். யூத மாணவர்களே பலர் அந்தக் கூடாரங்களில் இருந்தார்கள் என்பதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? மார்ச் 7-ந் தேதி கொலம்பியா சர்வகலாசாலைக்குரிய 40 கோடி டாலர் மானியத்தை ரத்து செய்தார். ஏப்ரல் 11-ந் தேதி ஹார்வர்டுக்கு ஒரு கடிதம் போயிற்று.

அந்தக் கடிதத்தின் ஷரத்துகளைப் படியுங்கள். நிர்வாகத்தை மாற்று. ஆசிரியர் நியமனத்தையும் மாணவர் சேர்க்கையையும் சர்க்காரின் தணிக்கைக்கு வை. "அமெரிக்கப் பண்புகளுக்கு" விரோதமானவர் என்று தோன்றும் அந்நிய மாணவரைச் சேர்க்காதே. விதி மீறும் அந்நிய மாணவரை உடனே காட்டிக்கொடு. பாலஸ்தீன ஆதரவு மாணவர் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய். இலாகா இலாகாவாக, அங்கே யார் என்ன கருத்து வைத்திருக்கிறார் என்று வெளியாட்களை விட்டுக் கணக்கெடு. இதற்கெல்லாம் ஒப்பினால் ஆராய்ச்சிப் பணம். இல்லையென்றால் கிடையாது.

ஏப்ரல் 14-ந் தேதி ஹார்வர்டு முடியாது என்றது. அன்று சாயங்காலமே 220 கோடி டாலர் முடக்கப்பட்டது.

தோழர்களே, இது எந்தக் காகிதம்? கதவடைப்பு முடிந்து ஆலை திறக்கும் நாளில் கேட்டருகே மேஜை போட்டு நீட்டுவார்களே, நன்னடத்தைப் பத்திரம், அதே காகிதம்! கையெழுத்துப் போட்டால் உள்ளே, போடாவிட்டால் வெளியே. விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கீழத்தஞ்சையில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களிடம், செங்கொடியை இறக்கு, சங்கத்தை விட்டு வெளியே வா, அப்புறம் பேசலாம் என்றுதான் மிராசுதார்கள் சொன்னார்கள். இறக்க மாட்டோம் என்றதற்கு 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம். ஆனால் கூலியை நிறுத்தி வைத்துக்கொண்டு கருத்தை விலை பேசும் வித்தை ஒன்றேதான்.

பணிந்து போனால் பிழைக்கலாம் என்பவர்கள் கொலம்பியாவைப் பார்க்கட்டும். பணம் ரத்தான இரண்டே வாரத்தில் அது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. விட்டார்களா? ஜூலையில் 22 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகுதான் நிறுத்திய மானியத்தை அவிழ்த்தார்கள். தன் பணத்தைத் திரும்ப வாங்கத் தண்டம் கட்டிய கதை!

ஹார்வர்டு கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 செப்டம்பர் 3-ந் தேதி பாஸ்டன் நகர நீதிபதி, பணத்தை முடக்கியது சட்ட விரோதம், பேச்சுரிமைக்கு எதிரான பழிவாங்கல் என்று தீர்ப்பளித்தார். சர்க்கார் மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை. கோர்ட்டில் வாதாடிய அதே மாதங்களில் ஹார்வர்டு நிர்வாகம் பின்வாசல் வழியாக பேரமும் பேசிக்கொண்டிருந்தது. கோடீஸ்வரனின் வீரம் அவ்வளவுதான். ஆனாலும் முடியாது என்று அது சொன்னது சரி. சரி என்று நாமும் சொல்வோம்.

ஏனென்றால் அந்த 220 கோடி டாலர் டிரம்பின் பிதுரார்ஜித சொத்தல்ல. ஹார்வர்டின் சொத்தும் அல்ல. அது டெட்ராய்ட் மோட்டார்த் தொழிலாளியும் கலிபோர்னியாவில் பழம் பறிக்கும் கூலிக்காரனும் கட்டிய வரி. நோய்க்கு மருந்து காண்பதற்காக ஒதுக்கிய பணம். முடக்கிய மறுநாளே நின்றது எந்த வேலை தெரியுமா? பல ஸ்தாபனங்களோடு சேர்ந்து ஹார்வர்டு விஞ்ஞானிகள் நடத்திவந்த காசநோய் ஆராய்ச்சி!

காசநோய் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பஞ்சுத் தூசியிலும் நிலக்கரிப் புழுதியிலும் இருமி இருமிச் செத்த தகப்பன்மார்களின் பிள்ளைகள் நாம். ஒரு காலத்தில் சானடோரியத்தில் படுக்கை கிடைத்தால்தான் உயிர்; ஏழைக்கு ஏது படுக்கை? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பொதுப்பணம் போட்டு நடத்தின. சோதனைக்கு வந்தவர்கள் நமது பட்டணத்து ஏழைகள். ஒரே அறையில் குடும்பத்தோடு படுத்து, அரை வயிறு சாப்பிட்டு, வீட்டிலிருந்தபடி ஒரு வருஷம் மருந்து தின்றவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. உலகம் முழுவதும் சிகிச்சை முறையே மாறிற்று. அன்று அந்த டாக்டர்களிடம், "முதலில் உன் கருத்தைச் சொல், ஊர்வலத்துக்குப் போனாயா சொல்" என்று கேட்டுப் பணம் கொடுத்திருந்தால்? எத்தனை பேர் படுக்கைக்குக் காத்திருந்தே மாண்டிருப்பார்கள்!

அறிவாளியின் கழுத்தில் கயிறு போட்டால் மூச்சு முட்டுவது நமக்கு. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். தண்ணீரில் என்ன, காற்றில் எவ்வளவு என்று அளந்து உள்ளதை உள்ளபடி எழுத ஒரு விஞ்ஞானி வேண்டும். அவருடைய மானியம் மேலிடத்தின் முகம் பார்த்து வருவதாயிருந்தால் அளவுக்கருவி எந்த எண்ணைக் காட்டும்?

டில்லியில் இருப்பவர்களுக்கு டிரம்ப் குருவா, சிஷ்யரா என்று சொல்வது கஷ்டம். ஹரியானாவில் பணக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அசோகா என்ற தனியார் சர்வகலாசாலை இருக்கிறது. 2019 தேர்தல் கணக்குகளைச் சந்தேகித்து அங்குள்ள ஓர் ஆசிரியர் 2023-ல் கட்டுரை எழுதினார். ஆளுங்கட்சி கூச்சல் போட்டது. "அது எங்கள் கருத்தல்ல" என்று நிர்வாகம் கைகழுவியது; ஆசிரியர் ராஜினாமா செய்தார்; மத்திய உளவுத்துறை ஆட்கள் கலாசாலைக்கே வந்தார்கள்.

சர்வகலாசாலையோடு நின்றதா? நம் பிள்ளைகள் படிக்கும் சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் அதே காகிதத்தை நீட்டினார்கள். "பி.எம். ஸ்ரீ" ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை முழுதாக ஏற்றுக்கொள், அப்போதுதான் சமக்ர சிக்ஷா பணம் என்றார்கள். தமிழ்நாடு மறுத்தது. 2024-25-க்குரிய 2,152 கோடி ரூபாயை மோடி சர்க்கார் நிறுத்திவிட்டது. கொள்கையை ஏற்காவிட்டால் பணம் கிடையாது என்று கல்வி மந்திரி தர்மேந்திர பிரதான் 2025 பிப்ரவரியில் வெளிப்படையாகவே பேசினார். ஆசிரியர் சம்பளமும், ஊனமுற்ற குழந்தைகளுக்கான உதவியும், ஏழைப் பிள்ளைகளுக்கான கட்டணமும் அந்தப் பணத்தில்தான் அடங்கியிருக்கின்றன. டில்லிக்கு அந்தப் பணம் எங்கிருந்து போயிற்று? நாம் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டிய வரியில் இருந்துதானே?

இங்கே நமது வீட்டு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் கேரளத்து இடது முன்னணி சர்க்காரே, முடங்கிய பணத்துக்காக அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. முன்னணிக்குள்ளேயே கம்யூனிஸ்டு மந்திரிகள் கொதித்தெழுந்த பிறகு, ஒரு வாரத்துக்குள் அதை நிறுத்தி வைத்தார்கள். பணத்தை இறுக்கிப் பிடித்தால் யார் கையும் நடுங்கும் என்று தெரிந்துகொண்டோம். நடுங்கிய கையைத் தோழர்களே பிடித்து நிறுத்த முடியும் என்றும் தெரிந்துகொண்டோம்.

தமிழ்நாடு சர்க்கார் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. அசலை மட்டும் கேட்கவில்லை; தாமதத்துக்கு 6 சதவீதம் வட்டியும் சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டிருக்கிறது. சம்பளப் பாக்கிக்கு வட்டி கேட்ட நமது சங்கத் தோழர்களைப் பார்த்துச் சிரித்த அதிகாரிகள் அந்த மனுவை ஒருமுறை வாங்கிப் படிக்கட்டும்.