சீம்பால் கன்றைக் கொல்லுமா?

கேள்வி: “எங்கள் கலப்பினப் பசுவுக்குக் கன்றின் பின்னங்கால்கள் முதலில் வந்தன. வெளியே எடுக்க நேரமாகிவிட்டது. கன்று மூச்சுவிட்டது, தலையைத் தூக்கியது. என் மனைவி சீம்பால் கொடுத்தார். சுமார் பத்து மணி நேரத்தில் வலிப்பு வந்து இறந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழும் முன் சீம்பால் கொடுத்ததுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?”
- வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: இல்லை. உங்கள் மனைவியை யாரும் குறை சொல்ல வேண்டாம். இறந்த கன்றைப் பரிசோதிக்காமல் அறுதியிட முடியாது என்றாலும், என் சந்தேகம் ஈற்றின் மீதுதான். பின்னங்கால் முதலில் வந்தால், தலை வெளிவரும் முன்பே தொப்புள்கொடி தாயின் இடுப்பெலும்பில் அழுந்திவிடும். கன்று மூச்சுவிடத் தொடங்கியிருக்காது. கொடிவழி வரும் ரத்தமும் குறைந்துவிடும். மூளைக்குக் குதிர் கிடையாது; அந்தந்த நொடிக்கு ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனும் குளுக்கோஸும்தான். அவை நின்றால் சில நிமிடங்களில் செல்களுக்குள் சோடியமும் கால்சியமும் புகுந்து, நீர் சேர்ந்து வீங்கும்.

‘பிறகு எப்படித் தலையைத் தூக்கியது?’ என்று கேட்பீர்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள், தாய் வயிற்றிலிருந்த செம்மறிக் குட்டிகளின் மூளைக்குப் போகும் ரத்தத்தை 30 நிமிடம் தடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் திரும்பியதும் மூளை ஓரளவு தேறியது. சில மணி நேரம் கழித்துத்தான் வலிப்பும் வீக்கமும் வந்து, செல்கள் இரண்டாவது சுற்றாக மடிந்தன. அந்த இடைவெளியிலேயே குட்டியின் தலையைச் சுற்றிக் குழாயில் குளிர்நீர் ஓடவிட்டு, 72 மணி நேரம் வரை வைத்திருந்தபோது சேதம் வெகுவாகக் குறைந்தது. இது 1997-இல் வெளியானது. மூச்சுத்திணறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இன்று தரும் குளிர்விப்புச் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

அதற்காகக் கன்றின் தலையில் ஈரச்சாக்கைப் போட்டுவிடாதீர்கள்! அது தீவிர சிகிச்சைப் பிரிவில் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே செய்யும் வேலை. பிறந்த கன்றை வைக்கோலால் தேய்த்து உலர்த்தி, கதகதப்பாக வைக்க வேண்டும்.

அடுத்த ஈற்றில் குளம்பின் அடிப்பக்கம் மேல்நோக்கித் தெரிந்தால், பின்னங்காலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்; 1962 எண்ணிலும் கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்கும் வேலை வேண்டாம். மருத்துவர் எடுக்கும்போதும், கன்றின் இடுப்பு வெளிவந்த பின் தாமதம் கூடாது.

சீம்பாலை நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்காமல் 2 மணி நேரத்துக்குள் கொடுங்கள். கன்று சப்பாவிட்டால் மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் வயிற்றுக் குழாய் வழியாகக் கொடுப்பார்.