குரங்குக் கணக்கு எழுதியவர் யார்?

என் தங்கை மகன் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். போன ஞாயிறு வந்தவன் ஓர் ஆய்விதழின் அறிவிப்பைக் காட்டினான். 'விலங்குகளின் சமூக வலைப்பின்னல்' என்ற பொருளில் கட்டுரைகள் கேட்டிருந்தார்கள்.

"குரங்கும் ஃபேஸ்புக்கில் சேர்ந்துவிட்டதா?" என்றேன்.

"அதில்லை மாமா. எந்தக் குரங்கு எதன் பக்கத்தில் உட்காருகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது என்று குறித்து வருவோம். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. பழகுகிறவற்றைக் கோட்டால் இணைத்தால் வலை."

பிறகு போர்ட்டோ ரிக்கோ பக்கத்தில் உள்ள கயோ சாந்தியாகோ என்ற சின்னத் தீவைப் பற்றிச் சொன்னான். 1938-இல் நம் நாட்டிலிருந்து 400-க்கும் மேற்பட்ட குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே விட்டார்களாம். அவற்றின் வம்சம்தான் இன்றும் இருக்கிறது. 1956-லிருந்து ஒவ்வொரு குரங்குக்கும் அடையாளக் குறி போட்டு, பிறப்பு இறப்பு எழுதி வருகிறார்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்து மரம் செடியில் பெரும்பகுதி போயிற்று. அந்த வெயிலில் நிழல் கொஞ்சம்தான். குரங்குகள் சண்டை பிடிக்கும் என்றுதானே நினைப்போம்? முன்பு ஒதுங்கி இருந்தவைகூடப் புதிதாகப் பலரோடு சேர்ந்து உட்கார்ந்தன.

புயலுக்கு முந்தைய கணக்கு இல்லாவிட்டால் இது தெரிந்திருக்குமா? எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. வலை வரைவது கம்ப்யூட்டர். வெயிலில் நின்று குறித்தது ஒரு மனிதன்.

அறிவிப்பை மறுபடி படித்தேன். ஆசிரியர் பெயர், பட்டம், நிறுவனம் எல்லாம் கேட்கிறார்கள். கணக்கு எழுதியவர் யார் என்று ஒரு வரி இல்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பட்டம் இல்லாவிட்டாலும் அவர் பெயர் கட்டுரையின் தலையில் வர வேண்டும்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ஃபாப்ர் எழுதியதை 'திக்தே'யாகச் சொல்லி எழுத வைப்பார்கள். பூந்தொட்டியின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பளிப்பூச்சிகள் ஏழு நாள் சுற்றிய கதை. (எனக்கு அதில் எழுத்துப்பிழை ஒன்பது.) அவரும் வாத்தியார் வேலை பார்த்தவர்தான். தானே பார்த்தார், தன் பெயரிலேயே எழுதினார்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு புயலுக்குப் பிறகு பதினோரு நாள் முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போய் நிவாரணப் பட்டியல் எழுதினேன். அறிக்கை அச்சாகி வந்தது. அதிகாரி பெயர் இருந்தது, டைப் அடித்தவர் முதலெழுத்துகூட மூலையில் இருந்தது. சம்பளம் வாங்கினாயே என்பார்கள். அதிகாரியும்தான் வாங்கினார்.

"உன் கட்டுரைக்கு யாரப்பா கணக்கு எடுத்தது?" என்றேன்.

"மலையடிவாரத்துக்காரர் ஒருவர். ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறார். முகத்தைப் பார்த்தே எந்தக் குரங்கு என்று சொல்லிவிடுவார். நன்றியுரையில் போட்டிருக்கிறேன் மாமா."

போன தடவை எழுதிய கட்டுரையை எடுக்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று இருந்தது.

காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிளம்பினான். கட்டுரை அனுப்பக் கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.