பட்டியலில் முதலில் எந்தக் கல்லூரி?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வங்கியில் நகைக்கடன் கூட்டம் கலைந்த நேரம். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி என் சன்னல் முன்னால் வந்து நின்றாள். வயது இருபத்தேழு. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே, வானம் பார்த்த காடு. இதற்கு மேல் அடையாளம் வேண்டாம். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளை வரிசையாக எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தாள்.

“அண்ணே, இதுல மொதல்ல எத எழுத?”

மூன்றாவது தடவை நீட் எழுதி ஓரளவு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தரவரிசை வரவேண்டும். நான் யோசிக்காமல் சொன்னேன்: “மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ எழுது தாயி.” அவள் தலையை ஆட்டவில்லை. “விருதுநகர எழுதலாம்னு இருக்கேண்ணே” என்றாள். அன்று தொடங்கிய சண்டை. அதுதான் இந்த இதழின் தலையங்கமாகிறது.

தோழர்களே, அவள் பிளஸ் டூ முடித்தது 2016இல். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தமிழ்நாடு தன் மருத்துவ இடங்களைக் கொடுத்த கடைசி வருஷம் அது. கொஞ்சத்தில் தவறிப்போனது. அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தவளுக்கு அடுத்த வருஷம் நீட். 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதா 2017 செப்டம்பர் 1ஆம் தேதி செத்துப்போனதை நாம் மறக்கவில்லை. ஆனால் சாகாமல், வேறு வழியில்லாமல் லேப் டெக்னீசியன் படிப்புக்கும் நர்சிங்குக்கும் மில்லுக்கும் போன பிள்ளைகளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அவர்கள் இன்னும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். சிலபேர் ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய விலங்கியல் புத்தகத்தைத் தூசி தட்டுகிறார்கள்.

‘தகுதி, திறமை’ என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கைப்படி 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள், அதாவது திரும்ப எழுதியவர்கள், பன்னிரண்டு விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். 2020-21இல் எழுபது விழுக்காட்டுக்கு மேல். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேலை வெட்டி இல்லாமல், லட்சக்கணக்கில் கட்டி, கோச்சிங் போக முடிந்தவன்தான் திரும்ப எழுதுகிறான். அவன் திரும்ப எழுதினால் பெயர் விடாமுயற்சி. கரிமூட்டக்காரன் மகள் ரத்தம் உறிஞ்சும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து எழுதினால், “இந்த வயசுல என்னத்துக்கு?”

வயசு ஒரு தடையே இல்லை. பொதுப்பிரிவுக்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30 என்று வைத்திருந்த மேல்வரம்பை 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் தன் 64ஆவது வயதில் 2020இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார் (எங்கள் கிளையில் இதை நான் சொன்னபோது சிரித்தவர்களே அதிகம்). தருமபுரிப் பக்கம் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் 2022 ஜனவரியில் 7.5 விழுக்காட்டுக் கலந்தாய்வு வரைக்கும் வந்து, ஒரு இளம்பிள்ளைக்குப் போகட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்கள் பிறகு தனிப் பாடமாக எழுதித் தேறினாலும் செல்லும் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. இதெல்லாம் நம் தெருக்களுக்கு வந்து சேரவே இல்லை. வந்து சேர்வதெல்லாம் பிலிப்பைன்சுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஆள் பிடிக்கிற ஏஜெண்டுதான்.

ஆனால் கதவைத் திறந்தவன் நிலைப்படியில் ஆணி அடித்து வைத்திருக்கிறான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு 2020இல் வந்தது. நல்ல சட்டம், அதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. தப்பித்தாள். அவள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுப் பையன் எட்டு வரைக்கும் மிஷன் நடத்திய உதவிபெறும் பள்ளியில் படித்தான். அதே சத்துணவு, அதே இலவசச் சீருடை, அதே கிழிந்த பை. அவனுக்கு 7.5 இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் தாத்தன்மாரை வெளியே உட்கார வைத்த காலத்தில் உள்ளே உட்காரவைத்த பள்ளிக்கூடம் அது. அதில் படித்ததே இப்போது அவனுக்குக் குற்றமாகப் போயிற்று. போதாததற்கு அவன் அப்பா ஞானஸ்நானம் வாங்கியவர். 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவனானவனைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியதால் சான்றிதழில் அவன் பிற்பட்டோர். தெருவில் பறையன், சான்றிதழில் பி.சி. உதவிபெறும் பள்ளிகளில் படித்த தலித் பிள்ளைகளை, கிறித்தவப் பிள்ளைகள் உட்பட, 7.5க்குள் கொண்டுவர வேண்டும் என்பதை நம் இயக்கம் கோரிக்கையாக வைக்க வேண்டும். இதில் தோழர்கள் சிலருக்கு மாற்றுக் கருத்து உண்டு, அரசுப் பள்ளியின் பங்கு கரைந்துவிடும் என்று. கரையட்டும் என்று நான் சொல்லவில்லை. 7.5ஐக் கூட்டு என்கிறேன்.

சரி, பட்டியல். ஊரில் எல்லாரும் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: “பெரிய காலேஜ மொதல்ல எழுதுனா கெடைக்காது, சின்னதும் போயிரும்.” பச்சைப் பொய். கம்ப்யூட்டர் உங்கள் தரவரிசை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். மேலே எழுதியது கிடைக்காமல் போனால் கீழே எழுதியது கெட்டுப்போகாது. எனவே கிடைக்குமா என்று எழுதாதீர்கள், வேண்டுமா என்று எழுதுங்கள். பத்தோடு நிறுத்தாதீர்கள். 7.5க்கு வேறு முறை. சென்னையில் நேரடியாகக் கூப்பிட்டு, திரையில் மிச்சமிருக்கிற கல்லூரிகளைக் காட்டி, எது என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் முழிக்காமல் இருக்க வீட்டிலேயே வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி வந்தாலும் பயப்பட வேண்டாம். கட்டணத்தை அரசே கட்டும்.

7.5 இல்லாத தலித் பிள்ளைக்கு, வீட்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் உதவித்தொகையில் வரும். 2012இல் வந்த அரசாணை 92. கல்லூரி அலுவலகத்தில் “மொதல்ல கட்டுங்க, அப்புறம் வரும்” என்றால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் இது கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சாதி ஒதுக்கீடே கிடையாது. ஒரு வருஷக் கட்டணத்துக்கு நம் ஊரில் ஒரு தெருவையே விலைக்குக் கேட்கலாம். “கல்விக்கடன் வாங்கிக்கலாம்ணே” என்று வருகிறார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்: பெரும்பாலும் ஏழரை லட்சம் வரைக்கும்தான் சொத்துப் பிணை இல்லாமல் நடக்கும் (இங்கேயும் ஏழரை!). அதற்கு மேல் பத்திரம் கேட்போம். காலனி வீட்டுப் பட்டாவைத் தவிர நம்மிடம் என்ன பத்திரம்? பழைய மேலாளர் ஒருவர் ஒரு கொத்தனார் மகனின் விண்ணப்பத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, “உங்க ஆளுகளுக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய ஆசை” என்றார். நான் பதில் சொல்லாமல் வந்து உட்கார்ந்தேன். அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பதினான்கு இடத்தில் இரண்டு இடம் நமக்கு வைத்திருந்த ஆணை அது. அந்த அம்மா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்தார், கிடைக்காது என்று தெரிந்தது, வழக்குப் போட்டார். அதுவும் சட்டப்படி செல்லும் என்றார்கள். நம் பிள்ளை விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் கணினி தூக்கி எறிகிறது.

இனி எங்கள் சண்டை. நான் சென்னை என்றதற்குக் காரணம் கல்லூரி 1835லிருந்து இருக்கிறது என்பதல்ல. ஊரைவிட்டுப் போகட்டும், “எந்தத் தெரு?” என்று கேட்காத இடத்தில் ஆறு வருஷம் மூச்சு விடட்டும் என்றுதான். அவள் கேட்டாள்: “மெட்ராஸ்ல கேக்க மாட்டாகளாண்ணே?” என்னால் ஆமென்று சொல்ல முடியவில்லை. டெல்லி எய்ம்சில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் எப்படி ஒதுங்கி வாழத் தள்ளப்பட்டார்கள் என்று தோரட் குழு 2007இல் எழுதி வைத்திருக்கிறது. மும்பையில் 2019 மே மாதம் பாயல் தட்வி என்கிற பழங்குடி டாக்டர், எம்.டி. படித்துக்கொண்டிருந்த இடத்தில் செத்தார். தூரம் போனால் சாதி தொலையும் என்பது என் தலைமுறையின் நம்பிக்கை. நானே அப்படி ஓடித்தான் மதுரையில் டிகிரி படித்தேன்; பிறகு இதே ஊருக்கே மாற்றல் கேட்டு வந்தேன்.

அவள் காரணங்கள் வேறு. விருதுநகர்க் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்த பதினோரு கல்லூரிகளில் ஒன்று, 150 இடம், அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்சில் போகிற தூரம். அம்மாவுக்குச் சர்க்கரை. சம்பளம் நின்றுபோனால் வீட்டில் ஒரு வேளை குறையும்; பக்கத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையாவது லேபில் வேலை பார்க்கலாம் என்கிறாள். அங்கேதான் தப்பு என்று நினைக்கிறேன். எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளையை வீடு பக்கத்தில் இருந்தால் விடாது. கல்யாணம், சாவு, ரேஷன், தண்ணிக்குடம் எல்லாம் அவள் தலையில் விழும். பெண்பிள்ளைகள் படிப்பு நம் வீட்டுக்குள்ளேயே எப்படிச் சாகிறது என்று நாம் எழுதுவதில்லை. அவள் சம்பளத்துக்கு ஈடாக மாதம் ஒரு தொகையை நாங்கள் ஆறேழு பேர், எல்லாரும் முதல் தலைமுறை மாதச் சம்பளக்காரர்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னோம். அதற்கு அவள் அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. “எழுதிக் குடுங்க” என்றாள். எழுதிக் கொடுத்தோம்.

கடைசியில் நோட்டில் முதலில் மதுரை, அப்புறம் விருதுநகர், சிவகங்கை, அஞ்சாவதாக என் சென்னை. மதுரை எதற்கு என்றேன். “தம்பி பொறந்தப்ப அம்மாவ அங்கனதான கொண்டு போனீக. மூணு நா வராண்டாவுல கெடந்தேன். எந்த வார்டு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்ணே.”

இந்த வருஷம் எழுதியவர்கள், அடுத்த வருஷம் எழுத நினைக்கிறவர்கள், வயசாகிவிட்டது என்று விட்டவர்கள் எல்லாரும் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அருப்புக்கோட்டையில் நம் வாசிப்பு வட்டம் கூடுகிற அறைக்கு வாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தோம் என்பதற்குப் பள்ளியில் வாங்கிய சான்று, மூன்றும் வேண்டும். அருந்ததியர் பிள்ளைகள் சான்றிதழில் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று விழுக்காடு 2009இலிருந்து இருக்கிறது, 2024இல் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றும் சொல்லிவிட்டது. பள்ளிச் சான்றுக்குத் தலைமையாசிரியர் இழுத்தடித்தால் தனியாகப் போகாதீர்கள். நாங்கள் ரெண்டு பேர் கூட வருகிறோம்.