சல்லடை யாருடையது?

'காலம் தேர்ந்தெடுக்கும்' என்று சொல்லிவிட்டு விமர்சகன் எழுந்து போய்விடலாம் என்ற எண்ணம் நம் சிறுபத்திரிகை வட்டத்தில் வேரூன்றிவிட்டது. இப்போது அதற்கு விஞ்ஞானச் சான்றிதழும் கிடைத்துவிட்டதாக நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் விதிகளை இனப்பெருக்கம் செய்யவிட்டால் சிறந்தது தானாக மேலெழும்புமாம். இலக்கியத்திலும் அப்படியே, மதிப்பீடு அநாவசியமாம். அவர்கள் காட்டும் சோதனையையே பார்ப்போம்.

வட்டமாக 149 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. ஒரு கட்டத்துக்குத் தெரிவது தன் நிறமும் இருபுறமும் மும்மூன்று அண்டைக் கட்டங்களின் நிறமும்தான். இந்த ஏழும் சேர்ந்து அமையக்கூடிய 128 நிலைகளுக்கும் அடுத்த நிறம் என்ன என்று சொல்லும் அட்டவணையே விதி. செல்லுலார் ஆட்டோமேட்டா என்பது இதுதான். தொடக்கத்தில் கறுப்பு அதிகமென்றால் முடிவில் எல்லாமே கறுப்பாக வேண்டும், இல்லையேல் வெள்ளையாக. மொத்தத்தை எண்ணிப் பார்க்கும் தலைமைக் கட்டம் கிடையாது. சாத்தியமான அட்டவணைகளின் எண்ணிக்கையோ 39 இலக்கம் கொண்டது.

1990களின் முற்பகுதியில் அமெரிக்காவின் சாந்தா ஃபேயில் மெலனி மிச்செல், ஜேம்ஸ் க்ரட்ச்ஃபீல்ட், ராஜர்ஷி தாஸ் முதலியோர் ஜெனிடிக் அல்காரிதத்தை இதில் பிரயோகித்தார்கள். ஜான் ஹாலண்ட் 1975இல் நூலாக வகுத்துத் தந்த முறை அது. 100 அட்டவணைகள், மதிப்பெண் போட்டு, தேறியவற்றைக் கலந்து, அங்கங்கே ஒரு நிறத்தை மாற்றி, 100 தலைமுறைகள்.

பெரும்பாலான ஓட்டங்களில் மேலெழும்பியது எது? ஒரு மலிவான தந்திரம். எங்காவது ஒரு நிறம் கும்பலாகக் கூடியிருந்தால் அதை ஊதிப் பெருக்கு. 149 கட்டங்களில் இதற்கு 65 சதம் வெற்றி. அதே விதியை 999 கட்டங்களில் ஓடவிட்டால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். கும்பலைக் கண்டு பெருக்கும் இந்த விதி நம் சூழலில் யார் யாருக்குப் புகழ் தந்திருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அபூர்வமான சில ஓட்டங்களில் நுட்பமான விதிகள் பிறந்தன. நிறப் பகுதிகளின் எல்லைகளே செய்தி சுமந்து நகர்ந்தன. மோதிய இடத்தில் முடிவு பிறந்தது. 77 சதம். ஆனால் காக்ஸ், குர்த்யுமோவ், லெவின் மூவரும் 1978இல் வேறொரு பிரச்சினைக்காகக் கையால் எழுதிய விதி 81 சதத்தைத் தாண்டுகிறது. 1996இல் கோஸா குழுவினரின் பரிணாம முறை அதையும் மயிரிழையில் முந்தியது. குறையே இல்லாத விதி இருக்க முடியாது என்று லாண்டும் பெல்யூவும் 1995இலேயே நிரூபித்துவிட்டார்கள்.

இதில் 'தானாக' நடந்தது எது? கேள்வியை வகுத்ததும், தேர்வுத்தாள் அமைத்ததும், மதிப்பெண் முறையைத் தீர்மானித்ததும் மனிதர்கள்.

இதற்கு சாந்தா ஃபே வரை போகவேண்டியதில்லை. நம் கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். வெள்ளைக் கரும்பையும் நாணலையும் கலந்து பெற்ற கோ 205, 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. நாணலின் தாங்கும் சக்தி வேண்டும், சர்க்கரையும் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இருந்தார்கள். காலத்திடம் விட்டிருந்தால் நாணல்தான் ஜெயித்திருக்கும்.

காலத்துக்கென்று ஓர் அளவுகோல் இல்லை. விற்பனை, விருது, பாடத்திட்டம் என்று யாரோ வைத்த சல்லடைகளின் வழியாகத்தான் அது சலிக்கிறது. தன் அளவுகோலைப் பகிரங்கமாக முன்வைத்து, அதன் குறைக்கும் பொறுப்பேற்பவனே விமர்சகன். மற்றவர்கள் நீட்டுவது கையெழுத்தில்லாத வவுச்சர். வங்கிக் கவுண்டரில் அதை நான் வாங்குவதில்லை.