விளையாட்டிலும் துப்புக்கூலியா?

பழனிசெட்டிபட்டியில் நமது நண்பர் ஒருவர் இல்லத்தில் சென்ற மாதம் ஓரிரவு தங்க நேர்ந்தது. போஜனம் முடிந்து, முல்லையாற்றுக் காற்று வரும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உள்ளே நண்பரின் குமாரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யாருடனோ சிரித்துப் பேசிக் கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் அவள் தமையனும் அவளும், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், ஆன்லைன் விளையாட்டொன்றில் ஒரே வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று விற்பது வழக்கமாம். விளையாட்டின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அரை மணிக்கெல்லாம் சிரிப்பு நின்றுவிட்டது. முன்பின் அறியாத மூவர் வழிமறித்து, இருவரையும் சுட்டு வீழ்த்தி, சரக்கு முழுவதையும் கொளுத்திவிட்டுப் போயினராம். "மூணாவது வாரமா இப்படித்தான் மாமா நடக்குது. அண்ணன் இனிமே வரலைங்கிறான்" என்றாள் அப்பெண்.

இதனைச் சிறுபிள்ளைச் சமாசாரமென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கடல் கடந்து பிழைக்கப் போன பிள்ளையும் ஊரிலிருக்கும் தங்கையும் வாரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்திருக்கும் இடம் அது. டெலிபோனில் பேசலாமே என்பர் சிலர். பேசத்தான் செய்கிறார்கள், ஆனால் சேர்ந்து ஒரு காரியம் செய்வதும் க்ஷேமம் விசாரிப்பதும் ஒன்றாகா. ஆகவே நாம் ஆலோசிக்க வேண்டிய கேள்வி இது: பலர் கூடி ஆடும் இவ்விளையாட்டுகளில், ஓர் ஆட்டக்காரர் மற்றொருவரைத் தாக்க முடியாத முறையொன்று இருக்க வேண்டுமா? இருப்பின், அது முழு விளையாட்டாக இருக்க வேண்டுமா, கை கால் தறித்த விளையாட்டாக இருந்தால் போதுமா? இருக்க வேண்டும், முழுமையாகவே இருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் ஒரு வரம்பைச் சொல்லிவிடுகிறோம். சண்டையே உயிராயுள்ள விளையாட்டுகளைப் பற்றி நமக்கு வழக்கில்லை. பப்ஜி என்று பிள்ளைகள் அழைக்கும் விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரோ ஒரு குழுவோ மிஞ்சும் வரை பொருதுகின்றனர். பாடி வருகிறவனைப் பிடிக்கலாகாதென்று விதி செய்தால் சடுகுடு ஏது? அஹிம்ஸா தர்மத்தை விளையாட்டு மைதானத்தில் புகுத்த நாம் புறப்படவில்லை. நாம் பேசுவது, நாடும் நகரமும் கடலும் கதையும் வியாபாரமும் கொண்ட ஓர் உலகத்தையே அமைத்து, அதனைக் காசுக்கு விற்று, அதில் கொலையையும் ஓர் அம்சமாக வைத்துள்ள விளையாட்டுகளைப் பற்றியே.

இவ்வழக்கு புதியதன்று. அமெரிக்காவில் டெக்ஸாஸிலிருந்த ஒரிஜின் கம்பெனியார் 1997ஆம் வருஷம் செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்கு முந்திய மாதம், பரீக்ஷார்த்தமாக நடத்திய ஆட்டத்திலே, விளையாட்டைப் படைத்த ரிச்சர்ட் காரியட் 'பிரிட்டிஷ் பிரபு' என்ற அரச வேஷத்தில் பிரஜைகளுக்குக் காட்சி கொடுத்தபோது, ஓர் ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தை எறிந்து அவரையே கொன்றுவிட்டார்! அரசனுக்கே இக்கதியெனில், சுரங்கத்தில் இரும்பு வெட்டிப் பிழைக்க வந்த புதியவனின் கதி என்ன? ஊரெல்லையைத் தாண்டினால் கொலையும் கொள்ளையுமாய் இருந்தது. புதியவர் பலர் வெறுத்து வெளியேறினர். கடைசியில் 2000ஆம் வருஷத்தில் கம்பெனியார் அவ்வுலகத்தை இரண்டாக்கினர். பழையதற்கு பெலூக்கா என்று பெயர். டிராம்மல் என்னும் புதியதில், சம்மதமின்றி ஒருவரையொருவர் தாக்க முடியாது. ஜனங்களில் பெரும்பாலோர் டிராம்மலில் குடியேறினர். வேட்டைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். விளையாட்டின் ஜீவன் போய்விட்டதென்றார்கள். அவர்கள் கூற்றில் உண்மை சிறிதுமில்லையென்று நாம் சொல்லமாட்டோம். பயமிருந்தபோது அந்நாட்டில் துணைக்கு ஆள் சேர்த்தனர், காவற்படை வைத்தனர், நட்பும் பகையும் கதைகளாயின. டிராம்மலில் அவ்விறுக்கம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆடுகள் போய்விட்டால் ஓநாய் பட்டினி கிடக்குமே என்பது ஆடுகளைப் பட்டிக்குத் திரும்பி வரச் சொல்வதற்குக் காரணமாகுமா? பிறருக்கு இரையாவதற்கென்று எவரும் பணங்கொடுத்துச் சீட்டு வாங்குவதில்லை.

இனி அரைகுறை முறையைப் பற்றிக் கூறுவோம். இங்கிலாந்திலுள்ள ரேர் கம்பெனியார் 2018 மார்ச்சில் வெளியிட்ட 'ஸீ ஆப் தீவ்ஸ்' என்ற கடற்கொள்ளை விளையாட்டில், 2023 டிசம்பரில், வேறு கப்பலாரே குறுக்கிடாத 'ஸேபர் ஸீஸ்' என்னும் முறையைச் சேர்த்தனர். நல்ல காரியம். ஆனால் தொடங்கியபோது அவர்கள் விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள்: கொண்டுவரும் புதையலுக்குப் பொன் குறைவு, சொந்தக் கப்பலுக்குத் தலைவராக முடியாது, வர்த்தகச் சங்கங்களில் 40ஆம் படிக்கு மேல் ஏற முடியாது. அதே விளையாட்டுக்கு இரு சாராரும் கொடுத்த விலையோ ஒன்றுதான்.

மதுரைச் சீமையின் பழைய காவல் முறையை அறிந்தவர்க்கு இது விளங்கும். மாடு களவு போனால், துப்புச் சொல்ல ஒருவர் வருவார். அவரிடம் கூலி கொடுத்தால், குறித்த இடத்தில் மாடு கட்டியிருக்கும். கூலி கொடாதவன் மாட்டை மறக்க வேண்டியதுதான். தன் உடைமையைத் தானே அமைதியாய் அனுபவிப்பதற்குக் குடியானவன் கொடுத்த வரி அது. சண்டை வேண்டாமென்பவனிடம் பொன்னைப் பிடித்துக்கொள்வதும், கப்பலுக்குப் பெயரிடும் உரிமையைப் பறிப்பதும் துப்புக்கூலியே அன்றி வேறென்ன?

அபாயத்தை ஏற்பவனுக்கு அதிக லாபம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், மறுக்கவில்லை. 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' விளையாட்டில் 2018ஆம் வருஷம் முதல், சண்டைக்குச் சம்மதிப்பவர் 'வார் மோட்' என்பதை ஏற்றுக்கொள்கின்றனர். அவர்கட்கு அனுபவப் புள்ளிகளில் நூற்றுக்கு 10 அதிகம் என்று தொடங்கினர். சம்மதியாதவர்க்கு நாடு நகரம் ஒன்றும் அடைபடவில்லை. ஒருவனுக்குக் கூட்டிக் கொடுப்பதும் மற்றவனுக்குக் குறைத்துக் கொடுப்பதும் கணக்கில் ஒன்றே என்று நம் கட்சிக்காரர் ஒருவர் வாதிட்டார். அவர் வட்டிக்கடைக்காரர், கணக்கில் அவரை வெல்ல முடியாது. ஆனால் பொன்னில் ஏற்றத்தாழ்வு இருப்பது வேறு. கதவைச் சாத்துவது வேறு. வீரத்திற்குரிய விருதும் கொடியும் வீரருக்கே போகட்டும். பாதையும் கதையும் கப்பலும் விலை கொடுத்த யாவருக்கும் உரியன.

பிறரைத் தாக்காவிட்டால் போட்டியேயிராது, சுவையிராது என்போரைப் போடிநாயக்கனூருக்கு அழைக்கிறோம். ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் வியாபாரிகள் ஒரு ரூபாய்க்கு எப்படிப் போராடுகிறார்கள் என்பதை வந்து பார்க்கட்டும். அவர்களில் எவரும் மலைப்பாதையில் மறைந்திருந்து மற்றவர் மூட்டையைக் கொளுத்துவதில்லை. அதனால் ஏலம் சுவை குன்றிவிடவுமில்லை. திருடர் கதையையே பொருளாகக் கொண்ட 'ஜி.டி.ஏ. ஆன்லைன்' விளையாட்டிலும், முன்பு அந்நியர் நிறைந்த பொது அரங்கில்தான் பெருஞ்சரக்கை விற்க முடியும். 2022 ஜூலையில் நண்பர் மட்டும் கூடும் அரங்கிலும் விற்கலாமென்று அனுமதித்தனர். பொது அரங்கு இன்னும் காலியாகிவிடவில்லை.

சர்க்கார் இதில் தலையிட வேண்டுமா? இதுவரை அவர்கள் கை வேறிடங்களில் பட்டது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடுத்தனர். மறு வருஷம் அது வேறு பெயரில் திரும்பி வந்தபோது, இரத்தத்தைப் பச்சை நிறமாகக் காட்டி மனச்சாந்தி அடைந்தனர் கம்பெனியார்! 2025ஆம் வருஷத்து ஆன்லைன் விளையாட்டுச் சட்டமோ காசு வைத்தாடுவதைத் தடுப்பது. நமது கேள்வி அதன் எல்லைக்குள் வராது. எந்த விளையாட்டில் யார் யாரைச் சுடலாமென்று டில்லியில் தீர்மானிப்பதை நாம் விரும்பவுமில்லை. ஆனால் வாங்கும் பொருளின் தன்மையையும் தரத்தையும் அறியும் உரிமையை 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. சண்டையிடாதவர்க்கு எவ்வெப் பகுதிகள் அடைக்கப்பட்டுள்ளன என்பதை, விலை வாங்குமுன், விற்பனைப் பக்கத்திலேயே, சாமானியருக்கு விளங்கும் பாஷையில், தமிழிலும் கம்பெனியார் அச்சிடட்டும். பாதி விளையாட்டை வாங்குகிறோமென்று தெரிந்தால், பழனிசெட்டிபட்டிப் பெண்ணும் சிங்கப்பூர்த் தமையனும் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள்.

அல்டிமா இன்றும் நடைபெறுகிறது. பெலூக்காவுக்கு ஆள் சேர்க்க, அங்கே வெட்டும் மரத்திற்கும் தோண்டும் தாதுவிற்கும் இரட்டிப்புப் பலன் வைத்தனர். வேண்டுவோர் அங்கே போய்ப் பொருதுகின்றனர். மற்றவர் டிராம்மலில் வீடு கட்டிக்கொண்டு இருக்கின்றனர்.