எழுதி வைப்பது நம்பிக்கையீனம் அல்ல

எமது ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் ஓர் அறிவித்தல் செய்வது வழக்கம். மௌத்தானவருக்கும் யாருக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அவரது பிள்ளைகளைச் சந்தித்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று மூத்த மகனோ இமாமோ சொல்வார். மிகவும் நல்ல வழக்கம். ஆனால் மௌத்தானவர் ஒரு வியாபாரியாக இருந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. வாப்பா யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா? வாப்பாவுக்கு யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியுமா? நான் வியாபாரத்தில் கண்ட வரையில் பல குடும்பங்களில் இரண்டுக்கும் "தெரியாது" என்பதே பதில். கணக்கு முழுவதும் அவரது தலைக்குள் இருந்தது. அவரோடு அதுவும் கபுறுக்குப் போய்விட்டது.

தொழுகை, நோன்பு, ஹஜ், உம்ரா என்று மார்க்கக் கடமைகளில் எமது வியாபாரிகள் பின்னிற்பவர்கள் அல்லர். ஆனால் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று கேட்டால் எங்களில் பலர் யோசிப்பார்கள். அது தொழுகையைப் பற்றியதும் அல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். எங்கள் வீடுகளில் இருக்கும் மதீனா அச்சு முஸ்ஹபில் அந்த ஒரு வசனமே ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த வசனம் சொல்லும் விடயங்களை ஒரு வியாபாரியின் கண்ணோடு பாருங்கள். தவணை குறித்துக் கடன் பேசினால் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும். சாட்சிகள் வேண்டும். தொகை சிறிதோ பெரிதோ, எழுதுவதற்குச் சலிப்படையக் கூடாது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது. காரணத்தையும் அந்த வசனமே சொல்கிறது: இதுவே அல்லாஹ்விடம் நீதமானது, சாட்சியத்துக்கு உறுதியானது, சந்தேகம் வராமல் இருக்க மிக நெருக்கமானது.

இதில் நாங்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் வாங்கியவர்! அவரே தன் வாயால் "இவ்வளவு நான் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி எழுதுவிக்க வேண்டும். எங்கள் கடைகளில் நடப்பதோ நேர்மாறு. கொடுத்தவர் தன் கொப்பியில் தானே எழுதிக்கொள்கிறார். வாங்கியவர் அந்தக் கொப்பியைக் கண்ணாலும் காண்பதில்லை. ஆறு மாதம் கழித்து "என் கணக்கில் 85,000 ரூபா", "இல்லை ஹாஜியார், என் கணக்கில் 62,000 தான்" என்று பேச்சு வருகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரது ஞாபகமும் வேறு. ஆனால் அன்றோடு இருபது வருடச் சிநேகிதம் கசந்து போகிறது.

"நம்பிக்கைதானே வியாபாரம், எழுதக் கேட்டால் அவர் என்ன நினைப்பார்?" என்று சிலர் கேட்பார்கள். அடுத்த வசனத்திலேயே, ஒருவரை ஒருவர் நம்பினால் நம்பப்பட்டவர் தன் அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்று வருகிறதே என்பார்கள். உண்மைதான். அதனாலேயே எழுதுவது கட்டாயக் கடமையல்ல, வலியுறுத்தப்பட்ட ஒரு வழிகாட்டல் என்று உலமாக்களில் பெரும்பாலானோர் விளக்கம் தந்துள்ளார்கள். எழுதாதவர் பாவி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை என்பது உயிரோடு இருக்கும் இருவருக்கிடையில் உள்ளது. நீங்கள் நம்பிய மனிதர் நாளை மௌத்தானால் உங்கள் முன்னால் நிற்பது அவரல்ல. அவருடைய மனைவி, மருமகன், வெளிநாட்டிலிருந்து வந்த மகன். அவர்களுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. நம்பிக்கைக்கு வாரிசுரிமை இல்லை, எழுத்துக்கு உண்டு.

பிறருடன் உள்ள கடனை விடப் பெரிய குழப்பம் எங்கள் குடும்பங்களுக்குள்தான் இருக்கிறது.

வாப்பாவின் கடையில் மூத்த மகன் பதினேழு வயதில் வந்து நிற்கிறார். இருபத்தைந்து வருடங்கள் உழைத்து ஒரு கடையை மூன்றாக்குகிறார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்தாரா? பங்காளியா? வாப்பாவுக்கு உதவியா? யாரும் பேசவில்லை. பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். வாப்பா மௌத்தானதும் கடைகள் மூன்றும் அவர் பெயரில் இருக்கின்றன. வஸிய்யத் இல்லாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த முஸ்லிம் சட்டப் பிரகாரம் வாரிசுகளுக்குப் போகும். அப்போது கொழும்பிலே உத்தியோகம் பார்த்த தம்பிக்கும், கடையிலே உழைத்த நாநாவுக்கும் ஒரே அளவு பங்கு. நாநா தனக்கு அநியாயம் நடந்ததாக நினைக்கிறார். தம்பியோ நாநா ஏற்கெனவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறார். சகோதரிகளுக்கு "உங்களுக்குத்தான் வீடு தந்தோமே" என்று சொல்லி அல்லாஹ் நிர்ணயித்த பங்கையே மறுக்கிறார்கள். வாப்பா உயிரோடிருக்கும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் இந்த வீட்டில் பெருநாளைக்கு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

இன்னொரு வகை, குடும்பத்துப் பணம். சகோதரி கல்ப்பில் உழைத்த காசு, மச்சான் காணி விற்ற காசு, விதவையான மாமியின் நகை விற்ற காசு. "உங்கட வியாபாரத்தில போடுங்க, ஏதாவது தாங்க" என்று கொடுப்பார்கள். மாதாமாதம் 10,000 ரூபா போய்க்கொண்டிருக்கும். இது என்ன பணம்? கடன் என்றால் கொடுத்த தொகைக்கு மேல் பேசிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் வட்டி. முதலீடு என்றால், அதாவது முழாரபா என்றால், லாபத்தை விகிதமாகப் பேச வேண்டும். நிலையான தொகை பேசக் கூடாது. வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சாரும், உழைத்தவருக்கு அவரது உழைப்பு வீணாகும். உழைத்தவர் கவனயீனமாக நடந்தாலோ ஒப்பந்தத்தை மீறினாலோ மட்டுமே அவர் பொறுப்பு. இரண்டில் எது என்று எழுதாததால், லாபம் வரும்போது கடை முதலாளி அதைக் கடன் என்கிறார், நஷ்டம் வரும்போது பங்கு என்கிறார். வங்கி வட்டி ஹராம் என்று விலகி நிற்கும் நாங்கள், பெயர் வைக்காத பணத்தால் அதே வட்டியை வீட்டுக்குள் கூட்டிவரவில்லையா?

பணத்துக்குத் தெளிவான பெயர் வைப்பதை ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது. மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பணம் கொண்டுவருவார்கள். அவர்களோ, இது தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிறேன், ஆகவே இது கடனாக இருக்கட்டும் என்பார்கள். அமானிதம் கவனயீனமில்லாமல் தொலைந்தால் வைத்திருந்தவர் பொறுப்பல்லர், கடன் என்றால் பொறுப்பு. பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். ஹிஜ்ரி 36இல் அவர்கள் ஷஹீதான நாளில், முதலில் என் கடனைக் கொடு என்று மகன் அப்துல்லாஹ்விடம் சொல்லிவிட்டே சென்றார்கள். கணக்குப் பார்த்தபோது கடன் 22 இலட்சம். மகன் காணிகளை விற்று அதைத் தீர்த்தார். அதன் பிறகும் வாரிசுகள் சொத்தைப் பிரிக்கக் கேட்டபோது உடனே பிரிக்கவில்லை. நான்கு வருடங்கள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர்கள் வாருங்கள் என்று அறிவித்த பின்னரே பிரித்தார். கடனும் வஸிய்யத்தும் போகத்தான் வாரிசுரிமை என்று சூரத்துன் நிஸா சொல்வதற்கு இதைவிட நல்ல செயல்முறை விளக்கம் எது?

கடன் விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னதும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்ததும் நாம் ஜும்ஆக்களில் கேட்டதுதான். பிற்காலத்தில் வெற்றிகளால் செல்வம் வந்தபோது, அவ்வாறு இறந்தோரின் கடனை நபியவர்களே பொறுப்பேற்றார்கள். கடன் அவ்வளவு பாரமானது.

நாட்டுச் சட்டமும் எழுத்தைத்தான் கேட்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். இன்று ஒரு தேநீர்க் கடைக்கும் அந்த முதல் போதாது. ஆக, வாய்ப்பேச்சுப் பங்காளி தன் பங்கைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாமல் தவிப்பார். ஆனால் வெளியிலுள்ள கடன்காரருக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் இருவரும் பங்காளிகள்தான் என்று வேறு சான்றுகளால் காட்டி உங்கள் மீது வழக்குப் போடலாம். பங்கு கேட்க எழுத்தில்லை, கடன் கட்ட மட்டும் பங்காளி!

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தையும் வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டும். விற்றுக் கொடுத்த சரக்குக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும், கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கோ ஆறு வருடங்கள். வெறும் வாயால் "தாறேன் தாறேன்" என்பது அந்த ஒரு வருடத்தைப் புதுப்பிக்காது, கையொப்பமிட்ட ஒப்புதல் புதுப்பிக்கும். உங்கள் விடயத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் பட்டிருக்கும் சகோதரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் காலாவதியான கடன் அல்லாஹ்விடம் காலாவதியாவதில்லை.

தவணையை எழுதுவதும் தொகையை எழுதுவதைப் போலவே முக்கியம். 2022இன் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமளவில் 360 ரூபா. பெப்ரவரியில் கடனுக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி ஜூனில் அதே ரூபாவைப் பெற்றபோது அவரால் பாதியளவு சரக்குத்தான் திரும்ப எடுக்க முடிந்தது. பணத்தின் மதிப்புக் குறைந்தாலும் பட்ட தொகையையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் எடுத்த முடிவு. அதற்கு மேல் கேட்டால் வட்டியின் வாசல் திறக்கும். அப்படியானால் கொடுத்தவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, பேசிய நாளில் பணம் கிடைப்பதுதான். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் கனதி 2022இல் எங்கள் சந்தையில் எல்லாருக்கும் விளங்கியது. உண்மையில் கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுப்பது வேறு, அது குர்ஆனின் கட்டளை. அந்த அவகாசத்தையும் புதிய திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. கடன் பில்லில் சரக்கு எடுத்தவரின் கையொப்பத்தையும் பணம் தரும் திகதியையும் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மீதித் தொகையை அவருக்கே அனுப்பி, சரி என்று அவர் வாயாலோ கையாலோ உறுதி வரச் செய்யுங்கள். இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினால்கூட ஒன்றுமில்லாததை விட மேல். குடும்பத்துப் பணத்தை வாங்குமுன் கடனா முதலீடா என்று எழுதுங்கள். கடையில் நிற்கும் மகனுக்குச் சம்பளமா பங்கா என்பதை, மற்றப் பிள்ளைகளும் அறிய, இன்றே முடிவு செய்யுங்கள். கொடுக்க வேண்டியதையும் வரவேண்டியதையும் ஒரு கொப்பியில் எழுதி அது எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடம் சொல்லி வையுங்கள். வஸிய்யத் செய்ய ஏதும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கக் கூடாது என்பது ஹதீஸின் கருத்து. நாங்கள் இருபது வருடங்கள் கழிக்கிறோம்.

இதில் உடனடி நன்மை ஒன்றும் உண்டு. ரமழான் வந்ததும் ஸகாத் எவ்வளவு என்று பலர் மனக்கணக்கில் ஒரு தொகையைச் சொல்கிறார்கள். கடையிலுள்ள சரக்கு, கையிலுள்ள பணம், வந்து சேரும் என்று நம்பக்கூடிய கடன்கள் ஆகியவை தெரியாமல் இரண்டரை வீதம் கணக்கிடுவது எப்படி? கொப்பி இல்லாதவரின் ஸகாத் ஓர் உத்தேசம் மாத்திரமே. ஏழையின் உரிமை உத்தேசத்தில் குறைந்துபோகக் கூடாது.

எழுதச் சொன்னால் கோபிக்கும் பங்காளியிடம், இது என் சந்தேகமல்ல, பகராவின் 282ஆவது வசனம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் கோபித்தால், அந்தக் கோபத்தை இன்றே கண்டுகொண்டதற்காக அல்லாஹ்வைப் புகழுங்கள்.