தகப்பனுக்குச் சிறை, தனவான் பிள்ளைக்குக் கட்டுரை!

உக்கடம் பஸ் நிலையத்துக்கு எதிரே மாலை ஐந்து மணிக்கு அரைமணி நேரம் நின்று பாருங்கள். மீசை அரும்பாத பையன்கள், பள்ளிக்கூட யூனிபாரம்கூட மாற்றாமல், ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேராகப் பறக்கிறார்கள். தலையில் ஹெல்மெட் கிடையாது. பொள்ளாச்சி லாரிக்கும் பாலக்காட்டு பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி கிடைத்தால் போதும், புகுந்து விடுகிறார்கள். ஆத்துப்பாலத்துக்கு மேம்பாலம் கட்ட சுமார் 480 கோடி ரூபாய் செலவிட்டு 2024 ஆகஸ்டில் திறந்து வைத்தார்கள். பாலம் வேண்டியதுதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்மேல் வண்டி ஓட்டப் போகிற பிள்ளைக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக் கொடுக்க சர்க்காரிடம் காசில்லையாம்!

பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று கனவான்களின் பத்திரிகைகள் முதலைக் கண்ணீர் வடிக்கின்றன. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவும் அதே பாட்டைத்தான் பாடுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தகப்பனுக்கோ வண்டி சொந்தக்காரனுக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தவணையில் வண்டி வாங்கிய மில் தொழிலாளியின் குடும்பம் அதோடு தீர்ந்தது.

பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு என்ன நடந்தது? 2024 மே 19-ந் தேதி புனே நகரில், கட்டிட முதலாளி ஒருவரின் 17 வயது மகன் ஓட்டிய போர்ஷே கார் மோட்டார் சைக்கிளில் மோதியது. இரண்டு இளம் இஞ்சினியர்கள் மாண்டார்கள். அன்றே ஜாமீன்! நிபந்தனை? விபத்தைப் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை! ரத்தப் பரிசோதனை மாதிரியையே மாற்றி விட்டார்கள் என்று போலீசார் குற்றம் சாட்டினர், டாக்டர்கள் கைதானார்கள். நாடே கொதித்தெழுந்த பிறகுதான் வழக்கு உறைத்தது. உக்கடத்துச் சுமைதூக்கும் தொழிலாளியின் மகன் இப்படி மோதியிருந்தால், கட்டுரை எழுதச் சொல்லியிருப்பார்களா என்று கேட்கிறோம்.

சாவது யார்? 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மடிந்தனர். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். நாட்டில் மாண்டவர்களில் பத்துக்கு நாலு பேருக்கும் மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். காருக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்தவர்கள் அல்ல.

சட்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கப் போவதில்லை. சாவியைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, “எம் பையன் பதினாலு வயசுலயே புல்லட் ஓட்டுறான்” என்று டீக்கடையில் பெருமை பேசுகிறவர் யார்? நம் தோழர்கள்தான்! ஒருவரைக் கேட்டோம். அவர் சொன்னார்: “ஏனுங்க தோழர், ராத்திரி மில்லு விட்டா பஸ் இல்லீங்க. அவங்கம்மாளை யாருங்க கூட்டியாறது? பையன்தானுங்க போகோணும்.” அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதிக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்க முடியாது.

பதினாறு வயதானவன் பெற்றோர் சம்மதத்தோடு 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று 1988-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. அந்த வண்டி இன்று கடையில் எங்கே? டி.வி.எஸ். 50 மறைந்து எக்ஸ்.எல். 100 வந்தாயிற்று. பதினெட்டு முடிந்தால் எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழித்து மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கையில். எட்டு போடுகிற இடத்தில் லாரி வருமா? மழை பெய்யுமா? நியூசிலாந்தில் 1987-லேயே படிப்படியான லைசென்ஸ் கொண்டு வந்தார்கள். முதலில் அனுபவஸ்தர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் தனியே போகலாம், ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை கூடாது, ஆள் ஏற்றக் கூடாது. அங்கிருப்பதும் முதலாளித்துவ சர்க்கார்தான். அவர்களால் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அதுவரை இதை நாமே செய்யலாம். லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் இரவில் சாவி தராதீர்கள். பின்னால் சிநேகிதனை ஏற்ற விடாதீர்கள்; இரண்டு பேர் சேர்ந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும். ஞாயிறு காலையில் நீங்களே பின்னால் உட்கார்ந்து கூட்டிப் போங்கள். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவும், மழை ஈரத்தில் முன்போகும் பஸ்ஸிலிருந்து இரட்டிப்பு தூரம் விட்டு வரவும், லாரியின் இடது பக்கம் நுழையாமல் இருக்கவும் பழக்குங்கள். டிரைவர் கண்ணாடியில் தெரியாத இடம் அது. ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட்டை வார் மாட்டி அணியுங்கள்; முதலில் உங்கள் தலையில்! போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஓட்டும் தகப்பன் சொல்வதை எந்தப் பிள்ளை கேட்கும்?

சர்க்காரிடம் நாம் கேட்பது: மேல்நிலைப் பள்ளியிலும் ஐ.டி.ஐ.யிலும் வண்டிப் பயிற்சியை இலவசமாக நடத்து! மில் சங்கத் தோழர்கள் போனஸ் கோரிக்கை எழுதும்போது, அதே காகிதத்தில் இன்னொரு வரியும் சேர்க்கட்டும்: இரவு ஷிப்ட் விடும் நேரத்துக்கு மில் வாசலில் பஸ் நிற்க வேண்டும்.